தள்ளாடிகள் தெரு

எமில்டா தன் அண்ணனின் வாயை மோந்து பார்த்தது 1995ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். அண்ணன் நீக்கிலாசுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கத்தில் பிளாஸ்டிக் கூடைகள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடமாக வேலை செய்தவன். அன்று காலை போர்மன் அவனைத் தனியே கூப்பிட்டு, குடித்துவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவனை இனி வைத்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

"வாயைத் திறவுங்கோ அண்ணா."

"என்ன?"

"திறவுங்கோ எண்டு சொல்லுறன்."

நீக்கிலாஸ் பிள்ளையைப் போல வாயைத் திறந்தான். காலையில் தின்ற பாணும் சம்பலும்தான் மணத்தன. எமில்டாவுக்கு அதில் நிம்மதி வரவில்லை. மணமில்லாத குடிவகையும் உண்டென்று வேலைத்தலத்தில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். மல்வேர்னில் இருந்த அண்ணனின் வரிசைவீட்டின் குசினி அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மாப்பைக்குப் பின்னால், சிங்குக்குக் கீழே, சலவை மெஷினுக்குப் பின்பக்கம், எல்லா இடமும் தேடினாள். அண்ணனின் மனைவி அருள்மலர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் எல்லாம் தேடியாச்சு மச்சாள்," என்றாள். "எங்கை ஒளிக்கிறார் எண்டுதான் தெரியேல்லை."

நீக்கிலாஸ் கதிரையில் இருந்தான். அவனுடைய வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த முழங்காலில் கையை வைத்தான். கொஞ்ச நேரத்தில் கையும் ஆடியது.

எமில்டா திருகோணமலையில் பிறந்தவள். கடற்கரையோடு ஒட்டிய கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் அந்தோனிப்பிள்ளைக்குத் தோணி ஒன்று இருந்தது. எமில்டாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே அவர் தள்ளாடி நடக்கத் தொடங்கினார். நாக்குக் குழறியது. கோப்பையைப் பிடித்தால் தேத்தண்ணி சிந்தியது. சின்னக் காரியத்துக்கெல்லாம் கத்தினார். ஊர் முழுக்க அவரைக் குடிகாரன் என்றது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது எமில்டா தெருவின் மற்றப் பக்கத்தால் நடப்பாள். "எமில்டா பிள்ளை" என்று அவர் கூப்பிடுவார். அவள் திரும்பமாட்டாள். 1967இல் அவர் இறங்குதுறையிலிருந்து தண்ணீரில் விழுந்து செத்துப்போனார். குடித்துவிட்டு விழுந்தான் என்றார்கள். பதினாலு வயது எமில்டாவும் அப்படித்தான் நம்பினாள். பிறகு வந்த இரண்டு கலியாணப் பேச்சும் 'குடிகாரன்ர மகள்' என்ற ஒரு சொல்லோடு நின்றன. அவள் கலியாணம் செய்யவில்லை. எண்பத்தெட்டில் அண்ணனைப் பின்தொடர்ந்து ரொறன்ரோவுக்கு வந்தாள். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் சமையற்கூடம் ஒன்றில் வேலை. தகப்பனை அவள் ஒருநாளும் மன்னிக்கவில்லை.

இப்போது அண்ணனும் அதே மாதிரி.

குடும்ப டொக்டர் ஒரு கடிதம் எழுதி நரம்பு நிபுணரிடம் அனுப்பினார். அருள்மலருக்குப் பகல் வேலை. ஆகவே எமில்டாதான் லீவு போட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். நிபுணர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நீக்கிலாசை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். நாக்கு நிற்கவில்லை. உள்ளே போய்ப் போய் வந்தது. டொக்டர் அதைப் பார்த்தபடி பேனாவை மேசையில் வைத்ததை எமில்டா கவனித்தாள். 

"உங்கள் பெற்றோரில் யாருக்காவது இப்படி இருந்ததா?"

"தகப்பன் குடிகாரர்," என்று எமில்டா ஆங்கிலத்தில் சொன்னாள். "குடித்துவிட்டுத் தண்ணீரில் விழுந்து செத்தார்."

நீக்கிலாஸ் தலையைத் திருப்பினான். "பொய் சொல்லாதை," என்றான் தமிழில். "அப்பு குடிக்கேல்லை."

"என்ன சொல்லுறியள்?"

"நாலு வருசமா அவரோட தோணியில நிண்டவன் நான். ஒரு சொட்டும் குடிக்கேல்லை. சாராயத்தைக் கண்டாலே மூஞ்சையைச் சுழிப்பார்."

"அப்ப ஏன் அண்ணா சொல்லேல்லை?"

"சொன்னனான். ஆர் கேட்டவை?"

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எமில்டா அவன் சொன்னதை மொழிபெயர்த்தாள். 

டொக்டர் நிதானமாகச் சொன்னார். ஹன்டிங்டன் நோய் என்று ஒன்று இருக்கிறது. மூளையைத் தாக்கும் பரம்பரை வருத்தம். நடுத்தர வயதில் தொடங்கும். சுகப்படுத்த மருந்தில்லை. தகப்பனுக்கோ தாய்க்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. இப்போது இரத்தத்தில் சோதித்து நிச்சயமாகச் சொல்லிவிடலாம். "உங்கள் தகப்பனின் தகப்பனைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார்.

அப்பப்பா நாற்பது வயதுக்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனார். அவருடைய தகப்பன் ஓர் இங்கிலீசுக்காரன் என்று வீட்டில் சொல்வார்கள். துறைமுகத்தில் கல்வேலை பார்த்தவனாம். நீக்கிலாசின் கண்கள் பூனைக்கண்கள்; அதற்கு அதுதான் காரணமென்று ஆச்சிமார் கதைப்பதுண்டு. வேறொன்றும் தெரியாது.

"அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் நல்லது," என்றார் டொக்டர். "ஆனால் அதைவிட இரத்தச் சோதனைதான் முக்கியம்."

"நான் ரத்தம் குடுக்கமாட்டன்," என்றான் நீக்கிலாஸ். வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். "எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் உப்பிடி வருத்தம் இல்லை. வேலையும் போச்சு, இனி மூளை பிசகின விசரன் எண்டும் எழுதப்போயினம்."

அன்று பின்னேரம் அருள்மலரிடம் விசயத்தைச் சொன்னபோது அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது. மகள் நிலக்சி வீட்டில் இல்லைத்தானே என்று இரண்டுமுறை எட்டிப் பார்த்தாள். நிலக்சிக்குப் பதினேழு வயது.

"பிள்ளைக்கும் வருமோ?"

"வரலாம், வராமலும் விடலாம். பாதிக்குப் பாதி."

"மச்சாள், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். உதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. குடி எண்டே இருக்கட்டும்."

"அவர் குடிக்கேல்லையே!"

"குடிகாரன்ர மகளை ஆரும் ஒருத்தன் கட்டுவான். பரம்பரை வருத்தக்காரன்ர மகளை எவன் கட்டுவான்? நாளைக்குச் சேர்ச்சில முழுக்கத் தெரிஞ்சிடும். என்ர பிள்ளை குமராக் கிடந்து காயவேணுமோ?"

குடிகாரன்ர மகளை யாரும் கட்டவில்லை என்று எமில்டா சொல்ல வாய் எடுத்தாள்.  பிறகு அருள்மலரின் கையிலிருந்த கத்தியை வாங்கி மீதி வெங்காயத்தை அரிந்தாள்.

எமில்டா இங்கே வந்தபோது கொண்டுவந்த பத்திரங்களுக்குள் அப்பப்பாவின் தாய்தகப்பனுடைய பழைய திருமணப் பதிவின் பிரதி ஒன்று கிடந்தது. 1884, திருகோணமலை. மணமகன் எட்வர்ட் கிரீவ்ஸ், கல் கொத்துபவர், வயது இருபத்தாறு. பிறந்த ஊர் ஹின்டில்ஷாம், நோர்ஃபோக், இங்கிலாந்து. மணமகளின் பெயர் மரியாள். அவளுக்குத் தொழிலும் ஊரும் எழுதப்படவில்லை. எமில்டா அந்தத் தாளைப் பலமுறை கண்டிருக்கிறாள். படித்தது அன்றுதான்.

ஹின்டில்ஷாமில் யாரை அவளுக்குத் தெரியும்? ஒருவரையும் தெரியாது. ஊரென்றால் கோயில் இருக்கும், கோயிலென்றால் பங்குக் குருவானவர் இருப்பார் என்ற ஒரே எண்ணத்தில், வேலைத்தலத்து இடைவேளைகளில் நாலு நாளாக ஒரு கடிதம் எழுதினாள். கன்னியாஸ்திரிகள் படிப்பித்த ஆங்கிலம். எழுதி எழுதிக் கிழித்தாள். எட்வர்ட் கிரீவ்சின் குடும்பத்தில் யாராவது தள்ளாடி நடந்தார்களா, கைகால் தன்பாட்டுக்கு ஆடியதா, தயவுசெய்து எழுதவும் என்று கேட்டாள். அவள் இருந்த நிலக்கீழ் அறையைத் தை மாதத்தோடு விடவேண்டியிருந்ததால், பதில் முகவரியாக அண்ணன் வீட்டு முகவரியைப் போட்டாள். அந்தப் பிழையை அவள் பிறகு பலநாள் நினைத்து வருந்தினாள்.

தை போய் மாசி வந்தது. பதிலில்லை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீக்கிலாஸ் கார் ஓட்டினான். பக்கத்தில் எமில்டா. பின்னால் நிலக்சி. ஸ்டீல்ஸ் வீதியில் பனி சேறாகக் கிடந்தது. சந்தியில் சிவப்பு விளக்கு. நீக்கிலாஸ் பிரேக்கில்தான் காலை வைத்திருந்தான். திடீரென்று கால் உதறி மற்றப் பெடலில் விழுந்தது. கார் பாய்ந்து சந்திக்குள் போனது. வலப்பக்கத்திலிருந்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. நிலக்சி "அப்பா!" என்று அலறினாள். லொறிக்காரன் எப்படித் திருப்பினானோ, கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளிப் போனான். கார் மறுகரையில் பனிக்குவியலில் முட்டி நின்றது.

ஒருவருக்கும் காயமில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எமில்டா கையை நீட்டி அதை நிற்பாட்டித் திறப்பைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"திறப்பைத் தா," என்றான் நீக்கிலாஸ்.

"இல்லை அண்ணா."

"தா எண்டு சொல்லுறன்!" அவன் கத்தினான். கையை ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் சுழன்று காரின் கூரையில் அடிபட்டது. பிறகு ஸ்ரியரிங்கில் தலையை வைத்தான். மூவரும் பஸ்சில் வீட்டுக்குப் போனார்கள். பஸ்சில் நிலக்சி தகப்பனுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. பின்னால் போய் யன்னலோரம் இருந்துகொண்டாள். எமில்டாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் யாரைப் போல இருந்தாள் என்று எமில்டாவுக்குத்தான் தெரியும்.

பங்குனி நடுவில், வியாழக்கிழமை, எமில்டா வேலையால் நேரே அண்ணன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிலக்சி படிக்கட்டில் இருந்தாள். மடியில் நீல உறை. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் உடைத்து வாசித்து விளங்கப்படுத்துவது எப்போதும் அவள்தான். இதையும் அப்படித்தான் உடைத்திருக்கிறாள்.

"மாமி, இது எப்ப வந்தது தெரியுமோ? திங்கக்கிழமை. நான் ஸ்கூல் லைப்ரரியில போய் அந்த வருத்தத்தைப் பற்றி வாசிச்சனான். ஐ நோ வட் இற் இஸ்."

எமில்டா ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றாள்.

"எனக்கும் இருக்கலாம், இல்லையா? உங்களுக்கும்."

"ஓம் பிள்ளை."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. வை வுட் யூ டூ தற்? நான் அப்பாவை எவ்வளவு வெறுத்தனான் தெரியுமோ? பிரெண்ட்ஸை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறதில்லை. அவர் பரன்ட்ஸ் நைட்டுக்கு வரப் போறன் எண்ட நேரம் டேற்றைப் பொய்யாச் சொன்னனான்."

எமில்டா அவளுக்குப் பக்கத்தில் படிக்கட்டில் இருந்தாள்.  "வாசி," என்றாள். "எனக்கு அந்தக் கையெழுத்து விளங்காது."

எழுதியவர் மிஸ் பெல் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. ஹின்டில்ஷாம் கோயிலின் பழைய பதிவேடுகளைப் பராமரிப்பவர். குருவானவர் கடிதத்தை அவரிடம் கொடுத்திருக்கிறார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். ஒருவரின் அனுமதியைப் பெறக் காத்திருந்தாராம்.

ஹின்டில்ஷாமில் எழுபது வீடுகளும் கல்லால் கட்டிய ஒரு கோயிலும் ஓடாத ஒரு தண்ணீர் ஆலையும் இருக்கின்றன. ஆற்றோரம் ஒரு வரிசையில் நாலு குடில்கள். அவற்றில் மூன்று தலைமுறையாகக் கிரீவ்ஸ் குடும்பம் இருந்தது. அந்த வரிசைக்கு ஊரார் வைத்த பெயர் ரீலர்ஸ் ரோ.

"தள்ளாடுற ஆக்கள்ர தெரு எண்டு சொல்லலாம்," என்றாள் நிலக்சி.

எட்வர்டின் தகப்பன் ஜோன் கிரீவ்ஸ் கல் கொத்துபவர். 1861இல், குடிப்பதில்லை என்று கோயில் மதுவிலக்குச் சங்கத்தில் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தார். அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து அவருடைய பெயருக்கு நேரே வேறொரு மையில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது: 'சத்தியத்தைக் காத்ததாகச் சொல்கிறான். நம்பப்படவில்லை.' பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. 1869இல் அவர் ஆலைக் குளத்தில் விழுந்து செத்தார். அப்போது எட்வர்டுக்குப் பதினொரு வயது. அடக்கப் பதிவேட்டில் 'குடிபோதையில்' என்று எழுதியிருக்கிறது.

நிலக்சி நிறுத்தினாள். எமில்டா முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னுக்குக் குனிந்துவிட்டாள். "வாசி, வாசி," என்றாள் முகத்தைத் தூக்காமல்.

எட்வர்டின் அக்கா ஹன்னா பூசை நேரத்தில் ஆடுகிறாள் என்று கோயிலுக்குள் விடப்படவில்லை. பிறகு மாவட்டப் பைத்தியசாலையில் செத்தாள். எட்வர்ட் பத்தொன்பது வயதில் ஊரைவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அங்கே அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஹன்னாவின் வழியில் வந்த ஒருவர் இப்போதும் பக்கத்து ஊரில் இருக்கிறார். வயது ஐம்பத்துமூன்று. ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு இந்த வருத்தம் என்று டொக்டர்கள் சொன்னார்கள். அந்த வருத்தத்தின் பெயர் ஹன்டிங்டன். "அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்," என்றிருந்தார் மிஸ் பெல். "இலங்கையில் தனக்குச் சொந்தக்காரர் இருப்பதைக் கேட்டு அவர் உங்கள் கடிதத்தை வாங்கித் தானே வாசித்தார். பிறகு, அவர்களிடமாவது சரியான பெயரைச் சொல்லுங்கள் என்றார்."

கதவு திறந்தது. அருள்மலர் சாமான் பைகளோடு உள்ளே வந்தாள். மகளின் கையில் கடிதத்தைக் கண்டாள். எமில்டாவின் முகத்தைக் கண்டாள். பைகள் கீழே விழுந்தன.

"பிள்ளைக்குச் சொல்லிப்போட்டியளோ! நான் கும்பிட்டுக் கேட்டனே!"

அவள் பாய்ந்து கடிதத்தைப் பறித்தாள். கிழிக்கப் போனாள். நிலக்சி இரண்டு கையாலும் தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அம்மா, விடுங்கோ. விடுங்கோம்மா. அது அப்பான்ர."

இந்தச் சத்தத்துக்கு நீக்கிலாஸ் மேலிருந்து இறங்கி வந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தான். அவன் இறங்கி முடியும்வரை மூன்று பெண்களும் அசையாமல் நின்றார்கள்.

"என்ர எண்டால், எனக்கு வாசி," என்றான்.

நிலக்சி முதலிலிருந்து தமிழாக்கி வாசித்தாள். சத்தியம் செய்த இடம் வந்ததும் அவன் கையைக் காட்டி நிற்பாட்டினான். "திருப்பிச் சொல்லு."

"'காத்ததாகச் சொல்கிறான். நம்பப்படவில்லை.'"

அவன் அருள்மலரைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். வேலை போன நாளில் தன் வாயை மோந்ததையோ அலுமாரிகளைக் கிண்டியதையோ அவன் சொல்லிக் காட்டவில்லை. வாசித்து முடியும்வரை கேட்டான். பிறகு, "டொக்டருக்கு ரெலிபோன் அடி," என்றான். "ரத்தம் எடுக்கச் சொல்லு."

சோதனை முடிவு வைகாசியில் வந்தது. எல்லோரும் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் அன்று அருள்மலர் ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். தொழிற்சாலைக்கு டொக்டர் ஒரு கடிதம் எழுதினார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் போர்மன் தொலைபேசியில் கூப்பிட்டு, பிழையாக நினைத்துவிட்டேன் என்று சொன்னான். நீக்கிலாஸ் 'தாங்க்யூ' என்று சொல்லி வைத்தான்.

ஆனி மாதம் அந்தோனியார் திருநாள். வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பூசையும் மத்தியானச் சாப்பாடும். அருள்மலர் வேண்டாமென்று சொல்லியும் நீக்கிலாஸ் வந்தான். சோற்றுத்தட்டு அவன் கையில் ஆடியது. கறி வெள்ளைச் சேட்டில் கொட்டியது. பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்துக்கொண்டு, "என்ன அண்ணை, திருநாளிலயும் ஏத்தியாச்சோ?" என்றார்.

 எமில்டா எழும்பப் போனாள். நீக்கிலாஸ் அவளைக் கையால் இருத்தினான்.

"இல்லைத் தம்பி," என்றான். நாக்குக் குழறியது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "இது வருத்தம். என்ர அப்புவுக்கும் இருந்தது. அவர் ஒருநாளும் குடிக்கேல்லை. திருகோணமலை ஆக்கள் ஆரும் இஞ்சை இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கோ."

 சிரித்தவர் தட்டைப் பார்த்தார். எமில்டா அருள்மலரைப் பார்க்கப் பயந்தாள். அருள்மலர் எழும்பினாள். பிறகு தன் கதிரையைக் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் புருசனுக்குப் பக்கத்தில் போட்டாள். கைலேஞ்சியால் சேட்டைத் துடைத்துவிட்டு, அவனுடைய தட்டைத் தன் மடியில் எடுத்து வைத்துச் சோற்றை அவன் வாயில் தீத்தத் தொடங்கினாள். அதற்குப் பிறகு சில குடும்பங்கள் அவர்கள் வீட்டுக்கு வருவதை விட்டன. சில குடும்பங்கள் புதிதாக வந்தன.

எமில்டாவின் முறை மிச்சமிருந்தது. சோதிப்பதா, சோதிக்காமல் இருப்பதா என்று அவள் பத்து மாதம் யோசித்தாள். விமானத் தட்டுகளில் பாணை வைக்கும்போது விரலைப் பார்ப்பாள். கத்தி கைதவறி விழுந்தால் கையை நீட்டி வைத்துப் பார்ப்பாள். படிக்கட்டில் ஒருநாள் கால் இடறியது. மீதிப் படிகளை அவள் எண்ணி எண்ணி இறங்கினாள். ஆஸ்பத்திரியில் ஓர் ஆலோசகப் பெண், முடிவு எதுவானாலும் தாங்குவீர்களா என்று மூன்று சந்திப்பில் மூன்று விதமாகக் கேட்டார். "தெரியாமல் இருக்கிறதைத்தான் தாங்கேலாமல் இருக்கு," என்றாள் எமில்டா.

1997 சித்திரையில் முடிவு சொன்னார்கள். அவளுக்கு இல்லை.

ஆலோசகர் புன்னகையோடு கைகொடுத்தார். எமில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தகப்பனின் இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு விழுந்தது, மற்றதுக்கு விழவில்லை. அண்ணனின் பங்கைத் தான் களவெடுத்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு. மல்வேர்னுக்கு பஸ் எடுத்தவள் இறங்க வேண்டிய தரிப்பில் இறங்கவில்லை. கடைசித் தரிப்புவரை போய், திரும்பி வந்தாள். பிறகுதான் வீட்டு மணியை அடித்தாள்.

நீக்கிலாஸ் யன்னலோரக் கதிரையில் இருந்தான். அப்போது அவனுக்கு முழு வசனம் பேச நேரமெடுக்கும். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பயம் பிடித்துவிட்டது. "இருக்கோ?" என்றான்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே அழுதாள்.

"அதுக்கேன் அழுகிறாய், விசரி?" என்றான் நீக்கிலாஸ். சொற்களைச் சேர்க்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அருளுக்கும் களைக்கும். எனக்குத் தீத்த இன்னொரு ஆள் வேணுமெல்லே."

எமில்டா இரவு வேலைக்கு மாறிக்கொண்டு, பகலில் அண்ணனோடு இருக்கத் தொடங்கினாள். தொண்ணூற்றொன்பதிலும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நிலக்சி பதினெட்டு வயதைத் தாண்டியும் சோதனைக்குப் போகவில்லை. "இப்ப வேண்டாம் மாமி. எப்ப எண்டு நான் சொல்லுறன்," என்றாள். அருள்மலர் அவளை ஒருமுறைகூட நெருக்கவில்லை. திருகோணமலையில் தன் தகப்பனுடைய பெயரில் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்கும்படி எமில்டா எழுதினாள். பூசையில் வாசிக்க ஒரு வரியும் எழுதி அனுப்பினாள்: அந்தோனிப்பிள்ளை, தோணிக்காரர், நோயினால் இறந்தவர்.